வெள்ளைக்கல்: அது சுண்ணாம்பு இல்லை சாமி

ஏற்காடு போகிறவர்களுக்கான ஒரு வீடியோவில் மறுபடியும் அதே வரி: "சேலத்தின் புகழ்பெற்ற சுண்ணாம்புக் குன்றுகள்". எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். வெள்ளைக்காரன் அந்த மேடுகளின் வெளுப்பைப் பார்த்து 'சாக் ஹில்ஸ்' என்று எழுதி வைத்தான்; நம்மவர்கள் அகராதியில் 'சாக்' எங்கே என்று தேடி, சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். அங்கே இருப்பது மேக்னசைட் என்ற கனிமம். சேலத்துக்காரர்களுக்கு அது வெள்ளைக்கல்.

கிரேக்கத்தில் தெசலிப் பக்கம் மக்னீசியா என்று ஒரு பகுதி. மக்னீசியம், மேக்னசைட், மேக்னட் எல்லாம் அந்தப் பெயரின் கிளைகள். இதனால் மேக்னசைட்டைக் 'காந்தக்கல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. காந்தக்கல் சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் இருக்கும் மேக்னடைட், இரும்புத் தாது. சரி, அதை விடுங்கள்.

கருப்பூர்ப் பக்கம் பொறுக்கிய துண்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. வெளியே காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாக, உடைந்த இடம் பீங்கான் மாதிரி. கழிப்பறை கழுவும் ஆசிட் ரெண்டு சொட்டு விட்டேன், சும்மா இருந்தது. சுண்ணாம்புக்கல் என்றால் புஸ்ஸென்று நுரைத்திருக்கும். அது கால்சியம் கார்பனேட், இது மக்னீசியம் கார்பனேட். ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமம் நிறைந்த கரும்பச்சைப் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, பாறையிலிருந்த மக்னீசியத்தோடு சேர்ந்து உறைந்தது. சுரங்கச் சுவரில் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடுவது அதனால்தான். சுட்டு எடுத்தால் எஃகு உலைக்கு உள்பூச்சாகும், வெற்றிலைக்கு ஆகாது.

நண்பர் ஒருவர் 'வெளிமக்கல்' என்று எழுதச் சொல்கிறார். வெளிமம் என்றால் தனித்தமிழில் மக்னீசியம். தனித்தமிழோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வெள்ளையும் தமிழ், கல்லும் தமிழ், இதில் எதைத் தூய்மைப்படுத்தப் போகிறார்? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'வெளி மக்கள்' என்றுதான் காதில் விழும், ஏதோ வெளியூர்க்காரர்களைத் தோண்டி எடுப்பது போல. வெள்ளையாக எத்தனையோ கல் இருக்கிறதே, குழம்பாதா என்கிறார். குழம்பாது. குவார்ட்சும் வெள்ளைதான், அதை இங்கே யாரும் வெள்ளைக்கல் என்பதில்லை, வெங்கச்சங்கல் என்பார்கள். ரெண்டை இருட்டில் உரசிப் பொறி பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? கருங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மலையின் சார்னோக்கைட் பாறையும் கருங்கல், சாம்பல் நிறக் கிரானைட்டும் கருங்கல், கட்டட வேலையில் யாரும் தடுமாறவில்லை. வேதியியல் கட்டுரை எழுதுகிறீர்களா, மேக்னசைட் என்றே எழுதிவிட்டுப் போங்கள். மற்ற இடத்தில் எல்லாம் ஊர்ச்சொல் போதும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்த அளவுக்கு ஒரு கல்லை எடுத்துப் பார்த்ததில்லை. செய்தித்தாளில் மட்டும் ஒழுங்காக வருகிறது: "வெள்ளைக்கல் கடத்திய லாரி பிடிபட்டது." வழக்குப் பதிந்த போலீஸ்காரர் அகராதி பார்க்கவில்லை.