லிபர்டேரியன்: தாராளவாதியும் இல்லை, சுதந்திரவாதியும் இல்லை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கென்டக்கி உறுப்பினர் தாமஸ் மாஸி, டிரம்ப்புக்கு எதிராக வாக்களித்தால் போதும், தமிழ்ச் செய்தியில் "குடியரசுக் கட்சியின் தாராளவாத உறுப்பினர்" ஆகிவிடுகிறார். படிப்பவர் என்ன நினைப்பார்? இவர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர் போலிருக்கிறது என்றுதான். உண்மை நேரெதிர். துப்பாக்கி உரிமை, வரி, அரசுச் செலவு எதை எடுத்தாலும் தன் கட்சிக்காரர்கள் பலரைவிட வலப்பக்கம் நிற்பவர் அவர். அவருக்கு அங்கே வழங்கும் பெயர் லிபர்டேரியன், அதாவது தனிமனிதர் வாழ்விலும் சந்தையிலும் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவர். அதை லிபரல் என்று படித்துவிட்டு மொழிபெயர்க்கிறார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் 'லிபெர்', அடிமையல்லாதவன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிபர்டேரியன் என்றால் விதியை மறுத்து, மனிதனுக்குச் சொந்த விருப்பாற்றல் உண்டு என்று வாதிடுபவர். 1857இல் ஜோசப் டெஜாக் என்ற பிரெஞ்சுக்காரர் அதன் பிரெஞ்சு வடிவத்தை அரசே வேண்டாம் என்ற இடதுசாரிகளுக்குச் சூட்டினார். அமெரிக்காவில் 1930களில் அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு லிபரல் என்ற பெயர், அரசு தலையிட்டுச் செலவு செய்ய வேண்டும் என்பவர்களுக்குப் போய்விட்டது. அரசு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற பழைய லிபரல்கள் பெயரை இழந்தார்கள்; அவர்கள் இனி லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ளலாம் என 1955இல் டீன் ரசல் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதினார். 1971இல் அந்தப் பெயரிலேயே கட்சியும் வந்தது. ஆக, லிபரலிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்டுவதற்காகவே எடுத்துக்கொண்ட பெயர் இது. தமிழில் இரண்டையும் மறுபடி ஒட்டவைப்பது அந்தச் சொல்லின் வேலையையே கெடுக்கிறது.

'தாராளம்' என்ற சொல் ஏற்கனவே களைத்துப்போயிருக்கிறது. 1991 பொருளாதார மாற்றத்துக்குத் தாராளமயமாக்கல் என்றோம். அங்கே தாராளம் என்றால் சந்தையைத் திறந்துவிடுவது. அமெரிக்கச் செய்தியில் தாராளவாதி என்றால் சந்தைக்குக் கடிவாளம் போடச் சொல்பவர். இதில் மூன்றாவது ஆளையும் ஏற்றினால் எப்படித் தாங்கும்? பேச்சுத்தமிழில் தாராளம் என்பது கணக்குப் பார்க்காமல் அள்ளிக்கொடுப்பது. 2025 ஜூலை 3 அன்று டிரம்ப்பின் பெரிய வரி, செலவு மசோதா 218க்கு 214 என்று நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த இரண்டே குடியரசுக் கட்சியினரில் ஒருவர் மாஸி. நாட்டின் கடனை அது ஏற்றும் என்பதே அவர் சொன்ன காரணம். செனட்டில் அதே கட்சியின் ரேண்ட் பாலும் எதிர்த்தார். கடன் உச்சவரம்பை 5 டிரில்லியன் டாலர், அதாவது 5 லட்சம் கோடி டாலர், உயர்த்துவதை அவரால் ஏற்க முடியவில்லை. செலவில் தாராளம் கூடாது என்பதற்காகத் தனித்து நின்றவர்களைத் தாராளவாதி என்பது மொழிபெயர்ப்பே இல்லை.

அப்புறம், கொஞ்சம் கவனமாக எழுதுபவர்கள் கையாளும் சுதந்திரவாதி. இது பாதிவரை சரியாக வரும், பிறகு சிக்கும். முதலாவது, வாஷிங்டனிலேயே ஃப்ரீடம் காகஸ் என்று ஒரு குழு 2015 முதல் இருக்கிறது. அதைச் சுதந்திரக் குழு என்கிறோம். மேலே சொன்ன மசோதாவுக்குக் கடைசியில் ஆதரவாக வாக்களித்தவர்கள் அந்தக் குழுவினர். சுதந்திரக் குழு ஆதரித்ததைச் சுதந்திரவாதி எதிர்த்தார் என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? அடுத்தது கட்சிப் பெயர். சுதந்திரக் கட்சி என்றால் இலங்கைத் தமிழருக்கு 1951இல் பண்டாரநாயக்க தொடங்கிய கட்சி. தொழில்களை அரசுடைமை ஆக்கிய கட்சி அது. தமிழ்நாட்டில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி நினைவுக்கு வரும். லைசென்ஸ், பர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்த விஷயத்தில் ராஜாஜி இவர்களுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒருவன் என்ன குடிக்கலாம் என்று அரசு தீர்மானிப்பதை லிபர்டேரியன் ஒருவர் கனவிலும் ஒப்ப மாட்டார். ரேண்ட் பாலின் தந்தையும் முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான ரான் பால் ஆண்டுக்கணக்காகப் போதைப்பொருள் தடைச் சட்டங்களை எதிர்த்தவர். சுதந்திரம் என்ற பொதுச்சொல்லில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. எந்தக் கட்சிதான் சுதந்திரம் வேண்டாம் என்கிறது?

என் பரிந்துரை தன்னுரிமைவாதி. காரணம் 'உரிமை'யில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொல் தேவைப்படும் இடத்தில் தமிழில் உரிமை ஒன்றே போதும்: வாக்குரிமையும் உரிமைதான், வீட்டு உரிமையாளரும் உரிமைதான். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் முர்ரே ராத்பார்ட் முதலானோர் கட்டிய கொள்கையின் அடித்தளமே என் உடலும் உழைப்பும் எனக்கு உடைமை என்பது. மற்ற உரிமைகளெல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன. தன்னுரிமை என்ற சொல் அதை அப்படியே சொல்லிவிடுகிறது. இறக்குமதி வரியும் மக்கள் மீதான வரிதான் என்று ரேண்ட் பால் எதிர்ப்பது, ஈரான் விஷயத்தில் 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவோடு சேர்ந்து மாஸி, நாடாளுமன்ற ஒப்புதலின்றி அதிபர் போரில் இறங்கக் கூடாது என்ற போர் அதிகாரத் தீர்மானம் கொண்டுவந்தது, 2001இல் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வந்த பேட்ரியட் சட்டத்தின் உளவு அதிகாரங்களை ரான் பால் எதிர்த்தது, எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வருபவை. தன்னுரிமை என்பது தேசிய இனங்களின் சுயநிர்ணயத்துக்கும் இங்கே வழங்குகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே பேச்சு இனத்தைப் பற்றியது, இங்கே ஆளைப் பற்றியது, வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

இவர்களில் பலர் கன்சர்வேடிவ்களும்கூட. அதற்கு நாம் எழுதும் பழமைவாதி எனக்கு உறுத்துகிறது. தமிழில் அது வசைச்சொல்; பெண்ணைப் படிக்க அனுப்பாத பெரியவரைச் சொல்லும் சொல். கன்சர்வேடிசத்தின் உயிரே லிபர்டேரியன் கொள்கைதான் என்று, பின்னாளில் அதிபரான ரீகன் 1975இல் ஒரு பேட்டியில் சொன்னார். இதைப் "பழமைவாதத்தின் உயிர் தன்னுரிமை" என்று எழுதினால் உளறல் போல ஆகிவிடும். இவர்கள் காக்க நினைப்பது 1787இல் எழுதிய அரசியலமைப்பையும் அது அரசின் கைக்குப் போட்ட கட்டுகளையும். எனவே மரபுவாதி என்பதே நேர்மையான சொல். மாஸியைத் தன்னுரிமைச் சாய்வுள்ள மரபுவாதி என்று எழுதலாம். தலைப்பில் இடமில்லை என்றால் லிபர்டேரியன் என்று அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். தெரியாதவர் தேடிப் படிப்பார். தாராளவாதி என்று போட்டால் தேட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.