வன்னி வெக்கையில் கேமிங் லப்டொப்: காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

என்விடியா கொம்பனியின் கிராபிக்ஸ் சிப்பான ‘ஆர்டிஎக்ஸ் 4070’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நம்பிப் பலர் லட்சக்கணக்கில் காசு கட்டுகிறார்கள். ஒன்றல்ல. லப்டொப்பில் வரும் 4070க்கு என்விடியா வகுத்திருக்கும் மின் அளவு 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை. அதற்குள் எத்தனை வொட் கொடுப்பது என்பதை லப்டொப்பைச் செய்யும் கொம்பனிதான் முடிவெடுக்கிறது. மெல்லிய உடம்புக்குள் குறைந்த வொட்டில் அடைத்த 4070, தடித்த உடம்பில் முழு வொட்டில் ஓடும், ஒரு படி குறைந்த 4060க்குப் பின்னால் போய்விடலாம். மேசைக் கொம்பியூட்டரின் 4070 இன்னும் வேறு: அது 200 வொட், 12 ஜிபி நினைவகம், லப்டொப்பில் உள்ளது 8 ஜிபி. அதைப் பற்றிய வீடியோவைப் பார்த்து இதை வாங்க வேண்டாம்.

கடையிலேயே பார்த்துவிடலாம். என்விடியா கொன்ரோல் பனலைத் திறந்து, இடப்பக்கம் கீழே உள்ள ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ஐ அழுத்தினால், ‘மக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரியில் வொட் எண் இருக்கும்.

அந்த எண்ணும் பாதி உண்மைதான். அந்த வொட்டை இந்த உடம்பு தாங்குமா என்பதே மிச்சக் கேள்வி. கடை ஏசியில் 22 பாகை. வைகாசியில் ஷீற் போட்ட வீட்டு அறைக்குள் 34, 35. வெளியில் 12 பாகை கூடினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். கடையில் 78 பாகையில் நின்ற கிராபிக்ஸ் சிப், வீட்டில் 90ஐத் தொடப் பார்க்கும். பெரும்பாலான மொடல்களில் 87 அளவில் அது தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று திருத்த வருகிறவற்றில் நிறைய, பழுதே இல்லாமல் இப்படி மூச்சுத் திணறுபவைதான்.

ஆகவே சார்ஜரைக் குத்தி, பெர்போமன்ஸ் மோட்டில் பாரமான கேம் ஒன்றை 30 நிமிடம் ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் காணாது. சூட்டை வெளியே கடத்தும் செப்புக் குழாய்கள் முழுதாகச் சூடேற நேரம் எடுக்கும். எச்டபிள்யூஇன்போ என்ற இலவச மென்பொருளில் ஐந்தாம் நிமிட வொட்டையும் முப்பதாம் நிமிட வொட்டையும் எழுதிப் பாருங்கள். 110இல் தொடங்கியது 85க்கு இறங்கினால், வீட்டில் இன்னும் இறங்கும். அதே நேரம் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் விரலை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, பத்து விநாடி வைக்க முடியாவிட்டால் அந்த வடிவமைப்பு எங்கள் ஊருக்குச் சரிவராது. சுடுகாற்று வலப்பக்கத்தால் வந்தால் மௌஸ் பிடிக்கும் கை வேகும். பின்பக்கத்தால் போவது நல்லது.

அடுத்தது தூசி. சோளகம் தொடங்கினால் கிறவல் வீதித் தூசி முழுக்க வீட்டுக்குள்தான். அது வெளிச் சல்லடையில் நிற்பதில்லை. உள்ளே காற்றுத் தள்ளும் பானுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போலப் படையாகப் படியும். வெளியிலிருந்து ஊதினால் அசையாது. அடிமூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதனால், சாதாரண ஸ்குரூ டிரைவரால் மூடி கழருமா, வெப்பக் குழாயைத் தொடாமல் பானைத் தனியே எடுக்கலாமா என்று வாங்குமுன் கேளுங்கள். இரண்டும் ஒரே துண்டாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் சூடு கடத்தப் பூசும் பேஸ்ற்றையும் மாற்ற வேண்டும். விலை கூடிய சிலவற்றில் பேஸ்ற்றுக்குப் பதில் திரவ உலோகம் பூசியிருப்பார்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்; ஒரு துளி போர்ட்டில் சிந்தினாலே காணும். பழக்கமில்லாத கையில் அதைக் கொடுக்காதீர்கள். தூசியை ஊதும்போது பான் சுழலாமல் ஓர் ஈர்க்கால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள். திரை முறுகினால் கீல் நாள் தாங்காது. ரம் (நினைவகம்) ஒற்றைத் துண்டாக இருந்தால் இரண்டாவதையும் போடுங்கள், வேகம் தெரியும். கரண்ட் போனதும் கேம் மந்தமாவது பழுதல்ல. பற்றரியால் அந்த வொட்டைக் கொடுக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சார்ஜரில் ‘100–240’ வோல்ற் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். வொரண்டி இலங்கையில் செல்லுமா என்பதைச் சொந்தக்காரர் அங்கே வாங்கும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

உலோக மூடியைத் தொடும்போது மெல்லச் சுள்ளென்கிறதா? சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டியின் கசிவு, ஏர்த் இல்லாததால் உடம்பு வழியே போகப் பார்க்கிறது. மூன்றாம் பின்னை வெட்டி இரண்டு பின் பிளக்கில் செருகுவதுதான் வழமையான காரணம். பின் சரியாக இருந்தும் ஆடி, ஆவணியில் சுள்ளென்றால், காய்ந்த மண்ணில் ஏர்த் கம்பி பிடிப்பிழந்திருக்கலாம். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி இடி முழங்கும்போது பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்றி விடுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.