404 வந்தால் முதலில் ரூட் பட்டியலைப் பாருங்கள்

கன்ட்ரோலர் (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் நிரல்பகுதி) சரியாக இருக்கிறது, பக்கமும் தயார். ஆனால் பிரவுசர் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று காட்டுகிறது. உடனே நிரலைத் திறந்து வரி வரியாகத் தேடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எந்த முகவரி எங்கே போகிறது என்று சொல்லும் ரூட் பட்டியலை அப்ளிகேஷனிடமே கேட்டுவிடலாமே! வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்குகளில் இதற்கான கட்டளைகள்: லாராவெலில் ‘ஆர்ட்டிசன் ரூட் லிஸ்ட்’, ரெயில்ஸில் ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’, ஃபிளாஸ்கில் ‘ஃபிளாஸ்க் ரூட்ஸ்’. ஜாங்கோவில் டீபக் (பிழை கண்டறியும்) நிலை இயங்கினால், 404 பக்கமே தான் ஒப்பிட்டுப் பார்த்த வடிவங்களை வரிசையாகக் காட்டிவிடும்.

பட்டியலிலேயே இல்லையா? லாராவெல் என்றால் ரூட் கேஷை (சேமித்து வைத்த ரூட் நகலை) முதலில் அழியுங்கள். புதிதாக எழுதிய ரூட் பழைய கேஷுக்குத் தெரியாது.

பட்டியலில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும். ரெயில்ஸ், ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் ஆகியவை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதிடம் வேலையைக் கொடுத்துவிடும். ‘பயனர்/ஐடி’ என்ற பொது வடிவம் மேலேயும் ‘பயனர்/புதிய’ என்பது கீழேயும் இருந்தால், ‘புதிய’ என்ற சொல்லையே ஐடியாகக் கொண்டு தரவுத்தளத்தில் தேடல் நடக்கும். அப்படி ஒருவர் இல்லாததால் 404 வரும். இந்த 404 முகவரியைப் பொருத்தும் ரூட்டர் அனுப்பியதல்ல, கன்ட்ரோலர் அனுப்பியது. பிரவுசரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். லாகைப் (சர்வரின் பதிவேட்டைப்) பார்த்தால்தான் வேறுபாடு புரியும். ஐடி எண்ணாக மட்டுமே இருக்கலாம் என்று ரூட்டிலேயே கட்டுப்படுத்திவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

405 வந்தால் நிம்மதி: முகவரி சரி, மெத்தட்தான் (கெட், போஸ்ட் போன்ற கோரிக்கை வகை) தவறு. பதிலோடு வரும் தலைப்புத் தகவல்களில், ‘அலவ்’ ஹெடரில், எந்த மெத்தட்கள் செல்லும் என்று இருக்கும். ரெயில்ஸும் எக்ஸ்பிரஸும் இதற்கும் 404 என்றே சொல்லும். எனக்குப் பிடிக்காத பழக்கம்.

முகவரியின் கடைசிச் சாய்கோட்டை (/) அலட்சியப்படுத்தாதீர்கள். அது விடுபட்டால் ஜாங்கோ 301 (நிரந்தர இடமாற்றம்) கொடுத்துத் திருப்பிவிடும். ‘போஸ்ட்’ (தரவு அனுப்பும்) கோரிக்கையாகப் போன படிவம் ‘கெட்’ (பக்கம் கேட்கும்) கோரிக்கையாக மாறி, தரவு வழியில் தொலையும். 301ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்வதால், திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போகலாம். சோதனைக்கு, பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் ‘கர்ல்’ கட்டளை நல்லது.

பட்டியலைத் திறந்த கையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். சோதனைக்காக எழுதி மறந்த ரூட்டுகள், யாரும் பயன்படுத்தாத பழைய ஏபிஐ (மற்ற நிரல்கள் பேசும் இடைமுகம்) பதிப்புகள் அங்கே உயிரோடு இருக்கும். வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2023 ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் இத்தகைய கணக்கில் வராத வழிகள் ஒன்பதாவது அபாயம். லாராவெலில் கட்டளையுடன் ‘-வி’ சேர்த்தால் ஒவ்வொரு ரூட்டுக்கும் உள்ள மிடில்வேர் (கன்ட்ரோலருக்கு முன் நடக்கும் சோதனைகள்) தெரியும். நிர்வாகப் பக்கத்துக்கு லாகின் சோதனை இல்லையென்றால் அங்கேயே அகப்படும். ஒவ்வொரு வெளியீட்டிலும் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். புதிதாக முளைத்த வரிக்கு யாராவது பொறுப்பேற்காவிட்டால், வெளியீட்டை நிறுத்திவையுங்கள்.