ஒட்டு நிரல்

இன்று ஒரு செயலியை எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. தரவுத்தளம் ஒருவர் உருவாக்கியது, வரைபடம் காட்டும் நிரலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, வேறொருவருடையது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அவற்றைச் சேர்ந்து வேலை செய்யவைக்க நடுவில் எழுதும் நிரலைத்தான் 'குளூ கோட்' என்கிறார்கள்.

குளூ என்றால் பசை. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மின்னணுவியலில் பெரிய சில்லுகளை இணைக்கும் சிறு சுற்றுகளுக்கும் 'குளூ லாஜிக்' என்றுதான் பெயர். மென்பொருளை உறுப்பு உறுப்பாக ஆயத்தமாக வாங்கிப் பொருத்த வேண்டும் என்று 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டில் கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் பேசினார். 1973இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வந்த பைப்பும் அவர் வற்புறுத்திக் கேட்டதுதான். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகத் தள்ளும் '|' என்ற ஒற்றைக் கோடு அது. இதைவிடச் சின்ன ஒட்டு இருக்க முடியாது.

எல்லா ஒட்டும் அவ்வளவு எளிதல்ல. ஓர் உறுப்பு தேதியை 05-03 என்று அனுப்புகிறது. அதன் கணக்கில் அது மார்ச் 5. வாங்கிக்கொள்ளும் உறுப்போ மாதத்தை முதலில் படிப்பது. அதற்கு அது மே 3. பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு. 1999இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததும் இந்த வகையில்தான். தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் தந்தது. இன்னொன்று அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். மாற்றிக் கொடுக்க வேண்டிய ஒரு பெருக்கல் நடுவில் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பசை நிரல்' வெறும் நேர்பெயர்ப்பு. 'இணைப்பு நிரல்' என்றால் வலை இணைப்பா, நிரல் துண்டுகளை ஒரே செயலியாகக் கோக்கும் லிங்கரா என்ற குழப்பம் வரும். 'ஒட்டு நிரல்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒட்டுச்செடியில் வேர் ஒரு செடியுடையது, கிளை இன்னொன்றுடையது. இரண்டும் தம் இயல்பை விடாமல் சேர்ந்து வளர்கின்றன. கிழிசலுக்குப் போடுவதும் ஒட்டுதானே என்று கேட்கலாம். அந்தப் பொருளில், மென்பொருள் பிழையைச் சரிசெய்ய வரும் 'பேட்ச்' என்பதைத் திருத்தம் என்றே சொல்லிவிடலாம்.

அடாப்டருக்குத் 'தகவி' என்ற சொல் இருக்கிறது. ஓர் உறுப்பின் முகப்பை மற்றதற்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவது மட்டும் தகவி. ஒட்டு நிரலுக்குள் பல தகவிகள் இருக்கலாம்.