கலர் மாறினால் உடனே ஹெட் கிளீனிங்கா?

முகூர்த்த மாதம் வந்தால் இந்த போனும் வந்துவிடும். "சார், கம்ப்யூட்டரை ஃபார்மட் போட்டேன். அதிலிருந்து பிரிண்டில் பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் சிவந்து வருது. ஹெட் கிளீனிங் போட்டுப் போட்டு இங்க்கே தீரப்போகுது."

ஃபார்மட் போட்டதற்கும் ஹெட் (பேப்பரில் இங்க்கைத் தெளிக்கும் பகுதி) அடைப்பதற்கும் என்னங்க சம்பந்தம்? முதலில் நாசில் செக் எடுங்கள், ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட் அது. கோடுகள் எங்கும் உடையாமல் வந்தால் ஹெட் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்க்கை உறிஞ்சி, கழிவு இங்க் சேரும் பஞ்சான வேஸ்ட் பேடில் கொட்டுகிறது. பேட் நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும், அதற்குத் தனிச் செலவு.

காணாமல் போனது ஐசிசி புரொஃபைல். குறிப்பிட்ட பிரிண்டர், இங்க், பேப்பர் மூன்றும் சேர்ந்தால் நிறம் எப்படி விழும் என்று அளந்து எழுதிய சின்ன ஃபைல். அது இருப்பது கம்ப்யூட்டரில். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் பொது டிரைவரோடு பெரும்பாலும் அது வராது. மேக்கில் கம்பெனி டிரைவர் இல்லாமல் ஏர்பிரிண்ட்டாகச் சேர்த்தாலும் இதே கதைதான்.

பிரிண்டர் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான முழு டிரைவரைப் போடுங்கள். வேறு கம்பெனி பேப்பர் என்றால் அவர்கள் தரும் புரொஃபைலை இறக்கி, ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் புரொஃபைல்' கொடுங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று போனால் ஃபைல் அங்கே இருக்கும். போட்டோஷாப்பை மூடித் திறந்தால்தான் பட்டியலில் தெரியும். அதைப் பார்க்காமலே "வரலை சார்" என்று திரும்பவும் போன் வரும்.

அப்புறம், நிறத்தைத் திருத்தும் வேலை ஒருவருக்குத்தான். போட்டோஷாப்பிடம் ஒப்படைத்தால், எப்சன் டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வைத்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் முகம் மறுபடி சிவக்கும். டிரைவரில் தேர்ந்தெடுக்கும் பேப்பர் வகையான மீடியா டைப்பும் புரொஃபைலோடு சொல்லியிருப்பதாகவே இருக்கட்டும்.

பக்கத்து ஸ்டுடியோவிலிருந்து வேறு மாடலின் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடாதீர்கள். ரீஃபில் இங்க் ஊற்றுகிறீர்களா? கம்பெனி புரொஃபைல் அதற்குப் பொருந்தாது. நிறக் கட்டங்கள் உள்ள டார்கெட் ஷீட் அடித்து, அளந்து புதிதாக எடுக்க வேண்டும்.

தயவுசெய்து, அடுத்த முறை ஃபார்மட் போடுமுன் அந்த கலர் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் ஃபார்மட் வேண்டாம்.