"ஒண்ணும் செய்யல சார்"

போன செவ்வாய்க்கிழமை ஒரு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வயது 52, முக்கூடல் பக்கம் பலசரக்குக் கடை. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இடது கால் கட்டைவிரலில் புண். செருப்புக் கடி என்று நினைத்து மூன்று வாரமாக மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டைப் பிரிக்கும் முன்பே வாடை தெரிந்துவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 286, மூன்று மாத அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 11.4, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 2.8.

"இதுக்கு முந்தி எப்ப அண்ணாச்சி சுகர் பாத்திய?"

"பாக்கலியே சார். எனக்குத்தான் ஒண்ணும் செய்யலியே."

கூட வந்த அவர் மனைவி ஒரு மஞ்சப்பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே நான்கு டப்பா. ஒரு புரதப் பவுடர், ஒரு மல்டிவைட்டமின், ஒரு மீன் எண்ணெய் மாத்திரை, சர்க்கரை வராமல் தடுக்கும் என்று லேபிளில் போட்ட ஒரு மூலிகைக் குப்பி. "சத்துக்கு ஒரு கொறையும் வைக்கல சார், எந் தம்பிதான் மாசாமாசம் கொண்டுவந்து தருவான்" என்றார். மாதம் 4,200 ரூபாய், ஒன்றரை வருடமாக. கணக்குப் போட்டால் 75,600 ரூபாய். அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட விரலில் ஊசி குத்திப் பார்க்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே கேட்காத சோதனை அது.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த "ஒண்ணும் செய்யல". நம் ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் "என்ன செய்யுது?" என்றுதான் கேட்போம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நெஞ்சுக்குத்து எல்லாம் ஏதாவது செய்யும். ஆரம்பத்தில் இருக்கும் சர்க்கரையும் பிபியும் எதுவும் செய்யாது. இதை ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்கிறேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டு, இன்னொரு நாள் பார்த்தும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை நோய். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். அடிக்கடி ஒன்றுக்குப் போவது, தாகம், மெலிவு என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்கள் அதற்கு அப்புறம்தான் வரும். நடுவில் உள்ள வருடங்களில் மனுஷன் நன்றாகச் சாப்பிடுவார், கடை திறப்பார், கோயில் கொடைக்குப் போவார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் அதே வருடங்களில்தான் கெட்டுக்கொண்டிருக்கும்.

சிறுநீரகம் பாதி வேலையை இழந்த பிறகுதான் பெரும்பாலும் கிரியாட்டினினே ஏறும். பிபி 170 இருப்பவர் தலைவலி இல்லை, அதனால் பிபி இல்லை என்கிறார். தலைவலியை வைத்துப் பிபியைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அண்ணாச்சிக்கும் அந்தப் புண் வலிக்கவே இல்லை. வலிக்காததால் பயமில்லை என்று இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய புண் வலிக்காமல் இருந்ததே நோய்தான். நரம்பு செத்திருந்தது.

சிலருக்கு இது தெரியும், ஆனாலும் வரமாட்டார்கள். "டெஸ்ட் எடுத்தா எதையாவது சொல்லுவாக, அப்புறம் ஆயுசு பூரா மாத்திரை" என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சீக்கிரம் வந்தால் மாத்திரையே இல்லாமல் தள்ளிப்போட வாய்ப்பிருக்கிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பது விளிம்புநிலை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 13.6 கோடிப் பேர் விளிம்புநிலையில் இருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 2006-இல் முடிவு வெளியான சென்னை ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போல் கவனித்தார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. நம் ஆட்கள், நம் சாப்பாடு. விளிம்பில் நிற்கிறோம் என்று தெரிந்தால்தானே திரும்ப முடியும்? பவுடர் டப்பா அதைச் சொல்லாது.

சரி, அந்த டப்பாக்கள். சத்து மாத்திரைகளுக்கு நான் எதிரி இல்லை, நானே தினமும் எழுதிக் கொடுக்கிறேன். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கட்டாயம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும் சுத்த சைவக்காரருக்கும் பி12 குறையலாம், பார்த்துக் கொடுக்க வேண்டும். வைட்டமின் டி நிஜமாகவே குறைந்தவருக்கு அதைக் கொடுப்போம். இருக்கிற குறையை ஈடுகட்டத்தான் இவை. குறையே இல்லாத உடம்பில் கொட்டினால் நாள்பட்ட நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. வைட்டமின் டி சர்க்கரையைத் தடுக்குமா என்று 2,423 பேரை வைத்து அமெரிக்காவில் பார்த்தார்கள், 2019-இல் முடிவு வந்தது. சொல்லும்படியான பலன் இல்லை. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994-இல் வந்த முடிவு அது. "சத்துதானே, என்ன செஞ்சிரும்?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அண்ணாச்சியின் சிறுநீரகம் இருக்கிற நிலைமையில் அந்தப் புரதப் பவுடரைத் தொட்டிருக்கவே கூடாது. தெரியாமல் தினம் இரண்டு கரண்டி போட்டுக் குடித்திருக்கிறார். பாசத்தோடு கலக்கிக் கொடுத்த அந்த அம்மாவிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை.

தயவுசெய்து இதையும் கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கிற டப்பா அத்தனையையும் எடுத்துப் போங்கள். "மாத்திரை ஒண்ணும் சாப்பிடலை" என்பார்கள், ஏனென்றால் சத்து மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரை இல்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடும் பெண்களுக்கு தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரலாம். தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தை விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக ஏறாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள்.

அந்த 4,200 ரூபாய்க்கு உவரிக் கடற்கரைச் சாளை மீன் எத்தனை கிலோ வரும்? மீன் எண்ணெய் மாத்திரையில் இருக்கிற ஒமேகா-3 அதில் இருக்கிறது. முருங்கைக்கீரை புறவாசலில் கிடக்கிறது. சிறுபருப்பும் காய்கறியும் போட்ட சொதி, தொலி உளுந்துக் களி, எல்லாம் நம் வீட்டுச் சமையல்தான். களியில் ஊற்றுகிற நல்லெண்ணெயையும் கருப்பட்டியையும் மட்டும் கை அடக்கிப் போடுங்கள். கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

இனி செய்ய வேண்டியது. 30 வயது தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவை பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் 30 வரை காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே சர்க்கரையோ பிபியோ உள்ளவர் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், கண்ணையும் காட்ட வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும் பெண்களே, அது திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். விடாமல் பாருங்கள். சுளகை மடியில் வைத்துக் காலையிலிருந்து இருட்டும்வரை பீடி சுற்றும் பெண்களுக்கு ரத்தச்சோகை நிறையப் பார்க்கிறேன். ரத்தச்சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி அளவு ஏமாற்றலாம், அதை மட்டும் நம்பாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எடுங்கள். 30 தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையையும் கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு வந்து ரத்தம் கொடுக்காதீர்கள். பெரிய பேக்கேஜில் எல்லா டெஸ்ட்டும் எடுத்து, ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். எடுத்ததை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். வெயிலில் நடந்து வருகிற அந்தப் பெண்களிடம் "இங்க யாருக்கும் ஒண்ணும் செய்யலம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

அண்ணாச்சியை அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. சிறுநீரகத்தை இருக்கிற அளவிலேயே பிடித்து வைக்கத்தான் இனிப் பாடு.

அவரைக் கூட்டி வந்த மூத்த மகனுக்கு 29 வயது, சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான். மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன், வந்தான். 114. விளிம்பில் நிற்கிறான். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், அதுவரை தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவனிடம், "அம்மாவுக்கு எப்பப்பா கடைசியா பாத்திய?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். திங்கட்கிழமை காலையில் அம்மாவைச் சாப்பிடாமல் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.