ஆறாத கால் புண் புற்றுநோய் என்று தெரிந்தால், முதல்வர் காப்பீட்டில் என்ன கிடைக்கும்?

எங்கள் பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் முழங்காலுக்குக் கீழே உலைநீர் கொட்டிய தழும்பு. 30 வருடமாகச் சும்மா கிடந்த அதில் ஒரு புண் வந்தது, மஞ்சள், வேப்பெண்ணெய், கம்பவுண்டர் கட்டு என்று எட்டு மாதம் ஓடியது, ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி தடித்து வாடை வந்த பிறகுதான் பயாப்சி எடுத்தார்கள். புற்றுநோய். பழைய தீத்தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் இப்படி வருவதை மார்ஜோலின் புண் என்பார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வேறு வகை. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வரும், கால் ஆணி என்று விட்டுவிடுவோம்.

சரி, செலவுக்கு வருவோம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் அது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கே சேர்த்து. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் இதில் வரும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். இது கையில் காசு வாங்காத திட்டம், கட்டிய காசைத் திருப்பித் தரும் திட்டம் இல்லை. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பெரியம்மா வீட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, அப்புறம் அட்டையை நீட்டினார்கள். கட்டியது கட்டியதுதான். பட்டியலில் அந்த மருத்துவமனை பெயர் இருந்தது, ஆனால் புற்றுநோய்க்கு இல்லை! அதனால் சேருவதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலும் இந்தக் குழப்பம் குறைவு.

ரயில் சலுகையைப் பாதிப் பேர் கேட்பதே இல்லை. சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், கட்டுப் போட்ட காலோடு அதற்காக இன்னொரு நடை நடக்க முடியாது.